பின்பக்க அறையும் பினிஷிங் வேலையும்

1

கட்டட வேலையில் ‘பினிஷிங்’ என்று ஒரு கட்டம் உண்டு. சென்னையில் ஒரு சுவராவது கட்டிய எல்லோருக்கும் அது தெரியும். அது முடிந்துவிட்டது என்று சொன்ன ஒருவரைக்கூட நான் இன்னும் சந்திக்கவில்லை. அஸ்திவாரத்துக்குக் கணக்கு இருக்கிறது, தளம் போட்டால் நாள் கணக்குப் பார்த்து முட்டுப் பலகையைப் பிரிக்கிறார்கள். பினிஷிங்குக்கு மட்டும் ஒரு கணக்கும் கிடையாது. “மத்ததெல்லாம் முடிஞ்சிச்சு மேடம், பினிஷிங்தான் பாக்கி கீது” என்று மேஸ்திரி தாஜுதீன் பாய் ஆடி மாதம் சொன்னார். ஆவணியில் சொன்னார். தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, கூடவே இதையும் சொன்னார். அந்த வாக்கியத்தை நான் மெல்பர்னில் ரயிலில் கேட்டிருக்கிறேன், அலுவலகப் படிக்கட்டில் கேட்டிருக்கிறேன், மகளின் பள்ளி இசை நிகழ்ச்சியில் பாதியில் எழுந்து வெளியே போயும் கேட்டிருக்கிறேன்.

இவ்வளவுக்கும் நான் கட்டியது மாளிகை ஒன்றுமில்லை. மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மோட்டார் ரூம் என்ற பெயரில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதை எடுத்துவிட்டு, ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒட்டினாற்போல ஒரு கழிப்பறை கொள்ளும் அளவுக்கு ஓர் அறை. அவ்வளவுதான்.

இதே வருடம் மெல்பர்னில் எங்கள் தோட்டத்தில் என் கணவர் ஒரு ஷெட் வைத்தார். அட்டைப்பெட்டியில் வந்தது. சனிக்கிழமை பிரித்தார், ஞாயிறு மாலை சைக்கிள்களை உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டார். அதற்கு முன்னால், வேலியிலிருந்து அது எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று நகராட்சியோடு மாதக்கணக்கில் மின்னஞ்சல் நடத்தினார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அங்கே எரிச்சலை முதலிலேயே பட்டு முடித்துவிடலாம். இங்கே அது கடைசியில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது.

2

அறை எதற்கு என்றால், அம்மாவுக்காக.

போன வருடம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியாமல் அப்படியே கிடந்திருக்கிறார். காலையில் வீட்டு வேலைக்கு வரும் வள்ளி, கதவு திறக்காததைப் பார்த்துத் தன்னிடம் இருந்த சாவியால் திறந்து உள்ளே போய்த் தூக்கி உட்கார வைத்திருக்கிறார். எனக்கு இது சில நாள் கழித்து, வள்ளி வாய் தவறிச் சொன்னபோதுதான் தெரிந்தது. அம்மாவிடம் கேட்டேன். “விழவெல்லாம் இல்லடி. கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன்” என்றார். ஈரத் தரையில், ராத்திரி முழுக்க.

அப்பா இல்லை. நான் ஒரே பெண். மெல்பர்னுக்கு வந்துவிடுங்கள் என்றால், “அங்க வந்து உன் ஹீட்டரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?” என்பார். தெருவில் பாதி வீடுகள் பில்டர் கைக்குப் போய் ஃப்ளாட் ஆகிவிட்டன. அம்மா யாருக்கும் கொடுக்கவில்லை. தன் வீட்டுக் கேட்டைத் தானே பூட்டித் தானே திறக்க வேண்டும் அவருக்கு.

ராத்திரியில் துணைக்கு ஆள் வேண்டும், அதுவும் அம்மா சண்டை போடாத ஆள் வேண்டும். உலகத்தில் அப்படி ஒருவர்தான் இருக்கிறார், அது வள்ளி. சைதாப்பேட்டை ஆற்றோரம் குடியிருந்தவர். அங்கிருந்து எல்லோரையும் எடுத்துப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்ததிலிருந்து அலைச்சல்.

“ஆத்தோரம் இருக்க சொல்லோ நடந்தே வந்துடுவேங்கா. இப்ப பஸ்சு மாறி பஸ்சு ஏறி வர்றதுக்குள்ள பாதி உசுரு பூடுது. புள்ளைக்குக் கல்யாணம் ஆயி அவனும் அங்கதான் கீறான், இடமே பத்தல. எனக்குன்னு ஒரு ரூமு இருந்தா இங்கயே கெடந்துடுவேன்” என்றார் என்னிடம்.

ஆக, அறை. பின்பக்கம் இடம் சும்மாதான் கிடந்தது. நான் ஒரு தாளில் படம் வரைந்து, போட்டோ எடுத்து பாய்க்கு அனுப்பினேன்.

3

வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு ஊரில் கட்டடம் கட்டுகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தால் நான் ஆயுள் உறுப்பினராகச் சேர்ந்துவிடுவேன். பாய் வேலைக்கு வரும் நேரம் எனக்கு மதிய மீட்டிங் நேரம். அவர் போனை ஜல்லி மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார். நான் வானத்தையும், அவ்வப்போது ஒரு காக்காவையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வெயில் தாங்காதே, கூரைக்குக் கீழே இன்சுலேஷன் கொடுக்க முடியுமா என்று ஒருநாள் கேட்டேன்.

“அது கரண்ட்டு வேல மேடம். எலக்ட்ரீசியன் வர்ற சொல்லோ டேப்பு நல்லா சுத்த சொல்றேன்” என்றார் பாய்.

மெல்பர்னில் வீட்டைப் பற்றிப் பேசும் பாதி வார்த்தைகள் மந்தைவெளியில் செல்லாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அப்புறம் நான் எதையும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. கையால் காட்டிக் கேட்டேன்.

அலுவலகத்தில் விடுப்பு கேட்டேன். முதியவரைப் பார்த்துக்கொள்ள அவர்களிடம் தனியாக ஒரு விடுப்பு இருக்கிறது, நல்ல மனிதர்கள்தான். ஆனால் படிவத்தில், ‘அவர் உங்களுடன் வசிக்கிறாரா?’ என்று ஒரு கேள்வி. இல்லை என்று போட்டேன். ‘அப்படியானால் அன்றாடம் அவரை யார் கவனிக்கிறார்கள்?’ என்று அடுத்த கேள்வி. அதற்கு வள்ளி பெயரை எழுதி, ‘உறவு’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சாதாரண வருடாந்திர விடுப்பையே எடுத்தேன்.

மகள் யாழினிக்குப் பதினாறு வயது. நான் பாயோடு பேசி முடித்ததும் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, “ஹூ டைடு?” என்று கேட்பாள். யாரும் சாகவில்லை, டைல்ஸ் வந்து சேரவில்லை என்பேன். ஒருநாள் அவளே சொன்னாள், ஆங்கிலத்தில்தான்: நீ தமிழில் பேச ஆரம்பித்தால் எங்கேயோ ஏதோ உடைந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும், அம்மா. அவள் குழந்தையாக இருந்தபோது அதே தமிழில்தான் நான் தாலாட்டினேன். டிசம்பர் விடுமுறையில் என்னோடு ஊருக்கு வா என்றேன். அவளுக்கு ஐஸ்கிரீம் கடையில் வேலை கிடைத்திருக்கிறதாம், கடற்கரைக்குப் போக நண்பர்கள் திட்டம் போட்டிருக்கிறார்களாம். “பாட்டிக்கு ஹாய் சொல்லு” என்றாள். அதற்காக என்னால் கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை, தமிழில் சொல்லியிருக்கிறாளே.

4

மார்கழியில் போய் இறங்கினேன். அறை நின்றுகொண்டிருந்தது, அதை மறுக்க முடியாது. கதவைச் சாத்தினால் சாத்திக்கொள்ளவில்லை. கதவைத் திறந்து உள்ளே போய் லைட் போட ஸ்விட்சைத் தேடினால், அது திறந்த கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. கழிப்பறையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். அது தண்ணீர் வடியும் சல்லடைப் பக்கம் போகாமல், நிதானமாக அறைக்குள் வந்தது.

“தண்ணி ஓடற வாட்டம் கொஞ்சம் மாறிப் போச்சு. அதான் மேடம், பினிஷிங்ல பாத்துக்கலாம்” என்றார் பாய்.

“இதுவும் பினிஷிங்கா?”

“எல்லாமே பினிஷிங்தான மேடம்.”

பாய் நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். திட்ட வாயைத் திறந்தால் அம்மாவின் முட்டிவலிக்கு எந்த எண்ணெய் நல்லது என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார். அம்மாவோ முழுக்க முழுக்க பாய் கட்சி. நான் வாட்டத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா சமையலறை ஜன்னலிலிருந்து, “பாய், டீயா காபியா?” என்பார். வெள்ளிக்கிழமை மதியம் பாய் தொழுகைக்குப் போய்விடுவார். மற்ற நாளில் அம்மாவின் காலண்டர். கதவைக் கழற்றி மாட்ட வேண்டும் என்றால் ராகு காலம். கழிப்பறையை உடைக்கலாம் என்றால் அஷ்டமி. இரண்டு பேருடைய நல்ல நேரமும் சேர்ந்து வரும் இடைவெளியில் சிமெண்ட் கடை சாப்பாட்டுக்கு மூடியிருக்கும்.

“அவர் பேரன் பரீட்சை எழுதறானாம், அதான் நேத்து வரலை. நீ ஏன் குதிக்கற?” என்றார் அம்மா.

“எனக்கு ஃப்ளைட் இருக்கும்மா.”

“உனக்கு எப்பவும் ஃப்ளைட் இருக்கு.”

5

கதவும் வாட்டமும் ஒருவழியாகச் சரியானதும் கட்டிலை வரவழைத்தேன். படத்தில் வரைந்தபடியே பெரிய ஜன்னலுக்குக் கீழே போட்டுவிட்டு, அதில் உட்கார்ந்து பார்த்தேன். உச்சி நேரம். கொஞ்ச நேரத்தில் முதுகு சுட்டது. எழுந்து பார்த்தால், ஜன்னல் வழியாக வெயில் நேராகக் கட்டிலின் மேல் விழுந்து கிடந்தது. மெத்தை கொதித்தது. ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு கிடையாது.

எதிர்ச் சுவரில் சின்ன ஜன்னல். அதற்கு மேலே அகலமாக, பேருந்து நிழற்குடை போல ஒரு சன்ஷேடு. அந்தப் பக்கம் சூரியன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“பாய்! சன்ஷேடை மாத்திப் போட்டிருக்கீங்க!”

பாய் போனை எடுத்து, நான் அனுப்பிய படத்தைத் திறந்து என் கையில் கொடுத்தார். வடக்குப் பக்கம் ‘வெயில்’ என்று என் கையெழுத்தில் எழுதி, சின்ன ஜன்னலும் பெரிய சன்ஷேடும் போட்டிருந்தேன். தெற்குப் பக்கம் ‘குளுமை’ என்று எழுதி, பெரிய ஜன்னலும் கட்டிலும் போட்டிருந்தேன்.

“நீங்க வாஸ்து பாத்து சொல்றீங்கன்னு நெனச்சிக்கினேன் மேடம்” என்றார் பாய்.

“நானும் பாத்தேன். வெளிநாட்டுல இப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்” என்றார் அம்மா.

வெளிநாட்டில் அப்படித்தான். மெல்பர்னில் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகும், மார்கழியில் இங்கே சாய்வது போலத் தெற்கே சாயாது. வீட்டு விளம்பரத்தில் வடக்குப் பார்த்த வீடு என்று போட்டால் போட்டி போட்டு வாங்குவார்கள். எங்கள் முதல் குளிர்காலத்தில் தெற்கு அறைச் சுவரெல்லாம் பூசணம் பூத்து, துணி காயாமல், குழந்தைக்குச் சளி பிடித்து, அப்படி அடிபட்டுத்தான் அதைக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டது எலும்பு வரை இறங்கிவிட்டிருக்கிறது. படம் வரையும்போது எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. வள்ளி வெயிலில் வேகக்கூடாது என்று அக்கறையாக யோசித்து, பொறுப்பாக வரைந்து, சூரியனைக் கொண்டுவந்து அவர் படுக்கையில் போட்டிருக்கிறேன்.

இத்தனைக்கும் இதே வீட்டில், மார்கழி விடுமுறையில் வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய்க் குளியல் முடிந்ததும் அம்மா என்னைப் பிடித்துத் தள்ளுவது தெற்குப் பக்கம்தான். “அங்க போய் நின்னு தலையைக் காயவை, அங்கதான் வெயில் இருக்கு” என்பார். கையில் கதைப்புத்தகத்தோடு அந்தச் சுவரோரம் மணிக்கணக்கில் நின்ற பெண் நான். அந்தப் பெண்ணைக் கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பாள். எனக்கு அழுகை வந்தது. பாய் எதிரில் அழ முடியாது என்பதால் கத்தினேன்.

“வெய்யக் காலத்துல ஒண்ணும் தெரியாது மேடம், சூரியன் தலைக்கு மேல போயிடும். ஐப்பசிலேருந்து மாசி வரிக்கும்தான் இந்தத் தொல்ல. தகரத்துல ஒரு ஷேடு அடிச்சிக் குடுத்துடறேன்” என்றார் பாய்.

“எப்ப?”

“பினிஷிங்ல.”

6

தகர ஷேடு வராமலே என் கடைசி வாரம் வந்துவிட்டது. பரவாயில்லை, ஜன்னலில் அப்பாவின் பழைய வேட்டியைக் கட்டலாம், வள்ளி வந்து தங்கட்டும், நான் நிம்மதியாக விமானம் ஏறுகிறேன் என்றேன்.

“மார்கழில யாராவது குடி போவாங்களா?” என்றார் அம்மா. “தை பொறக்கட்டும். பால் காய்ச்சிட்டு வரட்டும்.”

“அம்மா, நான் போகிக்கு முன்னாடியே கிளம்பறேன்.”

“கிளம்பு. பால் காய்ச்ச எனக்குத் தெரியும்.”

வள்ளியைத் துணைக்கு இழுத்தேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். “மார்கழில வோணாங்கா. புது ரூமு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடுச்சின்னா?” என்றார். ஆக, மாதக்கணக்கில் கத்திக் கட்டிய அறை காலியாக இருக்கும், வள்ளி பஸ் ஏறி வருவார், அம்மா ராத்திரியில் தனியாக இருப்பார். நான் மெல்பர்னில் போனைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்காமல் கிடப்பேன்.

அன்று மதியம் நான் பின்பக்க அறையில் அலமாரிக்குத் தாள் விரித்துக்கொண்டிருந்தேன். பாய் வெளியே மெஷினில் கல் அறுத்துக்கொண்டிருந்தார். வள்ளி ரேஷன் கடைக்குப் போயிருந்தார். திடீரென்று கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது, புடவை முழங்கால் வரை ஈரம்.

“பாத்ரூம் தாழ்ப்பாள் சிக்கிக்கிச்சு. தொண்டை கிழியக் கத்தறேன். எங்கடி இருந்த?”

“இங்கதாம்மா இருந்தேன்.”

“இங்கதான் இருந்தியா?”

“மெஷின் சத்தத்துல கேக்கலைம்மா. எப்படி வெளிய வந்தீங்க?”

“சொம்பால தட்டித் திறந்தேன்.” அம்மா மூச்சு வாங்கினார். பிறகு வாசலில் நின்றபடியே அறையையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “பாய், மெஷினை நிறுத்துங்க” என்றார்.

வள்ளி வந்ததும் அம்மா ஒரு பரீட்சை வைத்தார். வள்ளியைப் பின்பக்க அறையில் உட்காரவைத்து, ஃபேனைப் போட்டு, ராத்திரி போலவே கதவை மூடச் சொன்னார். என்னைக் குளியலறைக்குள் அனுப்பிக் கத்தச் சொன்னார். நான் கத்தினேன். வெட்கத்தை விட்டு, ஆபத்தில் கத்துவது போலவே கத்தினேன். தெருவில் போன யாரோ நின்று எட்டிப் பார்த்தார்கள். அம்மா போய்ப் பின்பக்கக் கதவைத் திறந்தார்.

“கேட்டுச்சா வள்ளி?”

“இன்னாதும்மா?”

இரண்டு சுவர், ஒரு முற்றம், பின்கதவு எல்லாவற்றையும் தாண்டி ஒரு கிழவியின் குரல் எப்படிப் போய்ச் சேரும் என்று நான் உட்பட ஒருவரும் யோசிக்கவில்லை. வேலைக்கு இருப்பவருக்கு என்றதும் என் பென்சில் தானாகப் பின்பக்கம் போயிருக்கிறது. எனக்குக் கூச்சமாக இருந்தது.

அம்மா உள்ளே போய்ச் சாவிக்கொத்தை எடுத்து என் அறையைத் திறந்தார். அம்மாவின் அறையை ஒட்டிய அறை, நடுவில் ஒரே சுவர். நான் வரும்போது படுக்க வேண்டும் என்று வருடம் முழுக்கப் பூட்டியே இருக்கும். என் கட்டில், என் பீரோ, என் கல்லூரிப் புத்தகங்கள். ஆள் தங்க இடமில்லை என்று கடல் தாண்டி நான் கத்திக்கொண்டிருந்த அத்தனை மாதமும் அது உள்ளே சும்மாதான் இருந்தது.

“வள்ளி, இன்னிக்கே உன் துணிமணியைக் கொண்டாந்துடு. இங்க படு. பழைய ரூமுதானே, பால் காய்ச்ச வேண்டாம். செவுத்தைத் தட்டினா உனக்குக் கேக்கும்.”

“அம்மா, அது என் ரூம்.” ஐம்பதை நெருங்குகிற என் வாயிலிருந்து பள்ளிக்கூடத்துப் பெண்ணின் குரல் வந்தது.

“வோணாம்மா, அக்கா ரூமு அது. நான் ஹால்லயே பட்த்துக்கறேன்” என்றார் வள்ளி.

“ஹால் தரையில படுத்து உன் முதுகு போச்சுன்னா அப்புறம் யாரு யாரைத் தூக்கறது?”

“அப்ப நான் வந்தா எங்கம்மா படுக்கறது?”

“அதான் கட்டியிருக்கியே. பாத்ரூம் வேற ஒட்டினாப்பல இருக்கு.”

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. “அது புது ரூமாச்சே! மார்கழியாச்சே! பால் காய்ச்சாம நான் மட்டும் எப்படிப் படுக்கலாம்?” என்று கத்தினேன்.

அம்மா என் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கோபமும் இல்லை அந்தக் குரலில்.

“குடி போறவங்களுக்குத்தான்டி மார்கழி, தை எல்லாம். வந்துட்டுப் போறவங்களுக்கு என்ன?”

தலையணையை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

7

மெல்பர்ன் வந்து மாதம் ஒன்று ஆகிறது. பாய் நேற்றும் பேசினார், ஷேடு பாக்கி இருக்கிறதாம். யாழினி ஐஸ்கிரீம் கடையில் ஒரு தமிழ்ப் பாட்டி வந்ததாகவும், அவரிடம் ‘வணக்கம்’ சொன்னதாகவும் சொன்னாள். அதற்கு மேல் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லையாம்.

அம்மாவை வீடியோவில் கூப்பிட்டால் இப்போதெல்லாம் வள்ளிதான் எடுக்கிறார். அவருக்குப் பின்னால் என் பீரோ தெரிகிறது, அதன் கைப்பிடியில் அவருடைய பச்சைப் புடவை. நான் ஷேடு வந்ததா, கேஸ் சிலிண்டர் வந்ததா என்று அடுக்கிக்கொண்டே போவேன். எனக்கு அதுதான் பேசத் தெரிகிறது.

இன்று மாலை அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அம்மாவின் குரல் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “வள்ளீ!” என்று. எனக்கே கேட்டது. வள்ளி போனை அப்படியே கட்டிலில் போட்டுவிட்டு ஓடினார். திரையில் என் அறையின் கூரையும், சுற்றும் ஃபேனும் மட்டும் தெரிந்தன. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். “வள்ளி, என்ன ஆச்சு? வள்ளி!” என்று கத்தினேன். யாழினி ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, அவளும் அந்த ஃபேனையே பார்த்தாள்.

வள்ளி திரும்பி வந்து போனை எடுத்தார். மூச்சிரைத்தது.

“ஒண்ணுமில்லக்கா. கண்ணாடியக் காணோம்னு கூப்ட்டாங்க. தலை மேலயே கீது.”